ஒரு முற்றத்தில் இரண்டு சேவல்: கொண்டைக் காயம் பற்றிய நெடுநாள் கேள்வியும் அதற்கான பதில்களும்

நாட்டுக்கோழி வளர்க்கும் வீட்டில் ஓர் அடைக்குப் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல். நான்கைந்து மாதம் வரை அவை ஒன்றாக மேயும், ஒரே கூடைக்குள் அடையும். அதன்பின் ஒரு காலையில் ஒன்றின் கொண்டை கிழிந்து முகமெல்லாம் ரத்தமாக இருக்கும். கிராமத்தில் தோற்ற சேவல் வேலி தாண்டி ஓடிவிடும். சென்னையில் மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளிலும், சைதாப்பேட்டையின் நெருக்கமான குடியிருப்புகளிலும், அடையாற்றின் ஊரூர் குப்பத்திலும் கோழி வளர்ப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. மொட்டை மாடி, படிக்கட்டின் அடிப்பகுதி, வாசலோரம் கவிழ்த்த கூடை இவைதான் இடம். ஓடுவதற்கு இடமில்லாத ஊரில் சேவல்களைச் சேர்த்து வளர்க்கலாமா, வளர்த்தால் கொண்டையைக் காப்பது எப்படி என்ற கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றுள் முக்கியமானவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் வலுவிழக்கின்றன என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இயல்பே அது என்ற பதில்

தமிழில் இதற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று குறுந்தொகையின் 305ஆம் பாடல். தன் காதல் துயரைத் தீர்த்துவைக்க ஆள் இல்லாத நிலையைத் தலைவி சொல்லும் இடம் அது. குப்பைமேட்டுச் சேவல்கள் தாமே சண்டை தொடங்கித் தாமே ஓய வேண்டியிருப்பதை அவள் உவமையாக எடுக்கிறாள். அந்த உவமையாலேயே புலவருக்குக் குப்பைக் கோழியார் என்று பெயர் நிலைத்தது. குறுந்தொகையை உரையோடு 1937இல் பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். அவர் பெயரிலுள்ள நூலகம் இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது. அதை 1943இல் நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் இந்தக் கட்டுரையில் வேறொரு காரணத்துக்காகவும் வரப்போகிறார்.

களத்தில் விடப்படும் சேவல் சண்டையிலிருந்து குப்பைமேட்டுச் சண்டையைப் பிரித்துப் பார்த்ததில் அந்தப் பாடலின் கூர்மை இருக்கிறது. ஏவிவிட ஆள் இல்லை, பந்தயம் இல்லை, காலில் கத்தி இல்லை. ஆனாலும் சண்டை நடக்கிறது. உறையூருக்குக் கோழியூர் என்று பெயர் வந்ததற்குச் சொல்லப்படும் கதையிலும், ஒரு கோழி யானையையே எதிர்த்து விரட்டியதாகத்தான் வருகிறது. சேவல் என்றால் போர்க்குணம் என்ற எண்ணம் நம் மரபில் ஆழமாக ஊறியது. முருகனின் கொடியில் அது இருப்பதும் இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது.

இந்தப் பார்வையின் நடைமுறை முடிவு எளிது: ஒரு வீட்டுக்கு ஒரு சேவல், மிச்சம் குழம்புக்கு. இன்றும் பெரும்பாலானோர் செய்வது இதுதான். இதில் நியாயமும் உண்டு. ஆனால் இயல்பு என்று சொல்லி முடித்துவிட்டால், ஒரே அடையில் பொரித்த மூன்று சேவல்கள் சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக இருப்பதற்கும், வேறு வீடுகளில் ஒரே நாளில் கிழித்துக்கொள்வதற்கும் காரணம் கிடைப்பதில்லை. குப்பைக் கோழியாரே இன்னொன்றையும் கவனித்திருக்கிறார். விலக்கிவிட அங்கே யாரும் இல்லை. சண்டை எப்படி முடிகிறது என்பதில் சுற்றியிருக்கும் சூழலுக்கும் பங்கு உண்டு என்பதற்கு இது முதல் குறிப்பு.

சுரப்பியிலிருந்து பிறக்கும் சண்டை

1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்ட் பெர்ட்டோல்ட் ஆறு இளஞ்சேவல்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். விதை நீக்கப்பட்டவற்றின் கொண்டை சுருங்கியது. அவை கூவவில்லை, சண்டைக்கும் போகவில்லை. விதையை உடலுக்குள்ளேயே வேறோர் இடத்தில் மீண்டும் வைத்துப் பொருத்தியவற்றில் கொண்டையும் கூவலும் சண்டையும் திரும்பின. நாளமில்லாச் சுரப்பிகள் பற்றிய அறிவியலின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. பின்னாளில் ஆண் ஹார்மோனின் வீரியத்தை அளக்கவே விதை நீக்கிய சேவலின் கொண்டை எவ்வளவு வளர்கிறது என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். 1939இல் அமெரிக்காவில் ஆலி, கோலியாஸ், லதர்மன் ஆகியோர் கூட்டத்தில் கீழ்நிலையில் இருந்த பெட்டைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டபோது அவை மேலே ஏறின.

கொண்டைக்கும் சண்டைக்கும் ஒரே ஊற்று என்பது இவற்றால் உறுதியானது. அதனால் விதை நீக்கம்தான் தீர்வு என்று ஒரு சாரார் சொன்னார்கள். ஐரோப்பாவில் இறைச்சிக்காக அது நெடுங்காலம் நடந்தும் வந்தது. நம் ஊரில் அது வேரூன்றவில்லை, வேரூன்றாததும் நல்லதே. கிடாய்க்கு வெளியே தெரிகிற உறுப்பு சேவலுக்கு வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்தின் பக்கத்தில் இருக்கிறது. விலாவைக் கீறித்தான் எடுக்க முடியும். ரத்தக்குழாய்கள் அருகில் ஓடும் அந்த இடத்தில் கை பிசகினால் பறவை அங்கேயே போய்விடும்.

கருத்தளவிலும் இந்தப் பதில் முழுமையானதில்லை. 1990இல் ஜான் விங்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் பல பறவை இனங்களை ஒப்பிட்டு முன்வைத்த கருதுகோளின்படி, எதிரி வந்து நிற்பதே ஆண் பறவையின் ஹார்மோனை உயர்த்தக்கூடும். அப்படியானால் ஹார்மோன் சண்டைக்குக் காரணமாகவும் விளைவாகவும் இருக்கிறது. பக்கத்து மாடிச் சேவல் நாள் முழுக்கக் கண்ணில் படும் இடத்தில் கூண்டை வைத்துவிட்டு, சேவலுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று சொல்வது பாதி உண்மைதான்.

வரிசை கட்டிக்கொள்ளும் கூட்டம்

சிறுவயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்த நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெருப் எப்பே. கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருப்பதை அவர் 1922இல் ஜெர்மன் மொழியில் எழுதி வெளியிட்டார். கொத்து வரிசை என்ற கருத்து அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. பின்னர் அமெரிக்காவில் ஏ.எம்.கூல் முதலானோர் இதை விரித்து ஆராய்ந்தார்கள். வரிசை உறுதியாகும் வரை சண்டை, உறுதியானபின் ஒரு பார்வையோ ஒரு தலையசைப்போ போதும் என்பது அதன் சாரம். காயம் மிகுவது புதிதாகச் சேர்க்கும்போதும், ஒன்றைப் பிரித்துச் சில வாரம் கழித்துத் திரும்ப விடும்போதும்தான்.

இந்த வரிசை காதிலும் விழும். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ஷிம்முராவும் யோஷிமுராவும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றாக இருக்கும் சேவல்களில் மேல்நிலையில் உள்ளதுதான் விடியலில் முதலில் கூவுகிறது என்று கண்டார்கள். மற்றவை அதன் பின்னால் நிலைப்படி கூவின. முதல் சேவலை அப்புறப்படுத்தியதும் இரண்டாவது முதலில் கூவத் தொடங்கியது. மாடியில் மூன்று சேவல் வைத்திருப்பவர் நான்கு நாள் விடியலில் காது கொடுத்தால், எது தலைமை, அது மாறிக்கொண்டிருக்கிறதா என்று ஓரளவு கணிக்கலாம். கூவும் முறை திடீரென்று குழம்பினால் அன்று கொண்டைகளைக் கவனிப்பது நல்லது.

“விட்டுவிடுங்கள், தாமே தீர்த்துக்கொள்ளும்” என்று அனுபவசாலிகள் சொல்லும் அறிவுரை இந்த ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. இதன் பலவீனம் இடம் சார்ந்தது. வரிசை உறுதியாக வேண்டுமானால் தோற்றது தோற்றேன் என்று காட்ட முடிய வேண்டும். அது காட்டும் வழி விலகி ஓடுவது. வெற்றி பெற்றது சில அடி துரத்திவிட்டு நின்றுவிடும். நான்கு பக்கமும் கைப்பிடிச் சுவர் உள்ள மாடியில் தோற்ற சேவல் ஓடி மூலையில் முட்டுகிறது. தலையை மூலைக்குள் சொருகி நிற்கும் அதன் கொண்டையும் பிடரியும் வென்றதன் அலகுக்கு நேராக வருகின்றன. ஓட முடியாமல் நிற்பதை வென்ற சேவல் இன்னும் பணியவில்லை என்றே எடுத்துக்கொள்கிறது போலும், கொத்து நிற்பதில்லை. விட்டுவிடுங்கள் என்ற அறிவுரை திறந்த முற்றத்தில் பிறந்தது. அதை மாடிக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

எண்ணிக்கையும் விளைவை மாற்றுகிறது. மார்க் பேகலும் மரியன் டாக்கின்ஸும் 1997இல் வாதிட்டதுபோல, கூட்டம் பெரிதாகும்போது ஒவ்வொன்றையும் நினைவில் வைத்து வரிசை காப்பது கோழிக்குக் கட்டுபடியாகாது. பெரிய பண்ணைகளில் சண்டை கூடுவதற்குப் பதிலாகச் சகிப்பு கூடுவதை 2003இல் டீத், கீலிங் ஆய்வும் காட்டியது. அதன்படி மிகச் சிறிய கூட்டத்திலும் மிகப் பெரிய கூட்டத்திலும் அமைதி சாத்தியம். இடைப்பட்ட எண்ணிக்கை, அதுவும் இறுக்கமான இடத்தில், சிக்கலாக இருக்கலாம். ஆனால் இவை பெட்டைகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் என்பதை மறக்கக் கூடாது.

கொண்டையையே எடுத்துவிடுவது

இந்தக் கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது. சண்டையை நிறுத்த முடியாவிட்டால் காயப்படும் உறுப்பை முன்கூட்டியே நீக்கிவிடலாம் என்பது இந்த வாதம். சண்டைச்சேவல் வளர்ப்பில் இது உலகெங்கும் இருந்திருக்கிறது. டார்வின் 1871இல் வெளியிட்ட மனிதனின் தோற்றம் பற்றிய நூலில், கொண்டையும் தாடியும் நறுக்கப்படாத சேவலுக்குக் களத்தில் ஏற்படும் பாதகத்தை, டெகெட்மெயர் என்ற கோழி வல்லுநரை மேற்கோள் காட்டி விளக்குகிறார். சேவல் எதிரியின் தலையில் எதையாவது அலகால் பற்றிக்கொண்டுதான் காலை வீசும். பற்ற வாகாக இருப்பது கொண்டையும் தாடியும். பற்றியதை விடாமல் கால் முள்ளால் அடிக்கும். கொண்டைக் காயங்களைப் பார்த்தால் இந்த முறை தெரியும். பின்பக்க நுனியில் கிழிசல் இருந்தால் துரத்திக் கொத்தியது. முன்பக்கமும் தாடியும் கிழிந்திருந்தால் நேருக்கு நேர் நின்றது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நறுக்குவதற்கு இன்னொரு காரணம் குளிர்நாடுகளிலிருந்து வந்தது. அங்கே பெரிய ஒற்றைக் கொண்டை உறைபனியில் கருகி அழுகும். அந்தக் காரணம் சென்னைக்குத் துளியும் பொருந்தாது. இங்கே நிலைமை நேர் எதிர். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைப்பதும், இறகில்லாத கொண்டை, தாடி, கால் வழியாக ரத்தத்தின் வெப்பத்தை வெளியேற்றுவதும்தான் அதற்குள்ள வழிகள். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31இல் 45 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர் இது. கத்திரி வெயிலில் சிமென்ட் தளத்தின் மேல் நிற்கும் சேவலிடமிருந்து, உடல் வெப்பத்தைக் குறைக்கும் உறுப்பை நாமே அறுத்து எடுப்பது, அறுக்கும் வலிக்கு மேல் அதற்குச் செய்யும் இரண்டாவது தீங்கு.

மூன்றாவது தீங்கை ஆய்வுகள் வேறு பக்கமிருந்து காட்டின. கூலும் ஆர்ட்மனும் 1953இல், கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது பெரும்பாலும் தலை, கழுத்துப் பகுதியை வைத்து என்று கண்டார்கள். தலையின் தோற்றம் மாறிய பறவையைத் தன் கூட்டமே அந்நியமாக நடத்தக்கூடும். அமெரிக்காவில் லிகனும் ஸுக்கும் 1990இல் காட்டுக்கோழிச் சேவல்களிடம் நடத்திய ஆய்வுகளில் வெற்றியோடு தொடர்புடையதாகத் தெரிந்தது கொண்டையின் அளவு. அளவைப் பார்த்தே எளியது விலகிக்கொள்ளுமானால், கொண்டை சில சண்டைகளைத் தடுக்கவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் அடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். காயப்படும் பரப்பு குறைகிறது, காயப்படுவதற்கான வாய்ப்பு கூடலாம். இந்த இரண்டில் எது கனம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை.

இதே நோக்கத்தை வலியில்லாமல் அடைந்த ஒரு வழி நம் மண்ணிலேயே இருக்கிறது. பெருவிடை என்று இங்கே வளர்க்கப்படும் பெரிய உடற்கட்டுச் சேவல்களிலும், அசீல் என்ற சண்டை இனத்திலும் கொண்டை பட்டாணி வரிசைபோல் தாழ்ந்து, தலையோடு ஒட்டி இருக்கும், தாடி சிறுத்திருக்கும். மெண்டலின் மரபு விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று வில்லியம் பேட்சன் 1902இல் காட்டியது இத்தகைய கொண்டை வடிவங்களை வைத்துத்தான். 2009இல் ரைட் முதலானோர் இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தையும் கண்டறிந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிடிக்குள் சிக்காத கொண்டையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதே கையோடு போர்க்குணத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே பட்டாணிக் கொண்டைச் சேவல்களைச் சேர்த்து வைத்தால் கொண்டை தப்பும், கண் போகும். கொண்டைக் காயத்தை மட்டும் தனியாக எடுத்துத் தீர்க்கப் பார்ப்பதன் குறை இது.

அலகு வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முட்டைக் கூண்டுப் பண்ணைகளில் அது வழக்கம். வெட்டிய அலகின் நரம்பு முனைகளில் முடிச்சுகள் உருவாவதை எடின்பரோவில் பிரூவார்டும் ஜென்டிலும் 1985இல் கண்டார்கள். வலி நீடிக்கக்கூடும் என்ற ஐயம் அதிலிருந்து வலுத்தது. நாலு சேவல் வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த வழி வேண்டாம். முள்ளின் நுனியை அரத்தால் மழுக்குவது வேறு விஷயம். முள்ளின் உள்ளே எலும்பு இருக்கிறது, அதுவரை போகாமல் மேலோட்டின் கூரை மட்டும் தேய்த்தால் வலிக்காது, காயத்தின் ஆழம் குறையும்.

அடையாற்றிலிருந்து வந்த சட்டம்

அடையாற்றில் வாழ்ந்த ருக்மிணி தேவி 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு, மறு ஆண்டே விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கூறியதால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவுதான் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பல்லாண்டுகள் சென்னையில் இயங்கி, திருவான்மியூர் வால்மீகி நகரில் அலுவலகம் வைத்திருந்த அந்த வாரியம் பின்னர் ஹரியானாவின் பல்லப்கருக்கு மாறியது.

சேவல் பற்றிய பேச்சில் இந்தச் சட்டம் என்றாலே எல்லோரும் பந்தயச் சண்டையைத்தான் நினைக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக விலங்கை விலங்கோடு மோதவிடுவதும், அதற்கான இடம் நடத்துவதும் 11ஆம் பிரிவின்படி குற்றம். சல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு 2017இல் கொண்டுவந்த திருத்தம் சேவலுக்குப் பொருந்தாது. வளர்ப்பவரை அன்றாடம் தொடுகிற உட்பிரிவுகள் வேறு. அசையப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் அடைப்பதும், நியாயமற்ற அளவு குட்டையான கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பதும் அதே பிரிவில் வருகின்றன. சண்டையைத் தவிர்க்கிறேன் என்று சேவலைக் காலில் கயிறு போட்டு நாள் முழுக்க ஒரு முளையில் கட்டுவதும், நிமிர்ந்து கூவ முடியாத கூடைக்குள் மாதக்கணக்கில் மூடிவைப்பதும் இந்த எல்லையைத் தொடக்கூடியவை. கொம்பு நீக்கம், விதை நீக்கம், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு ஆகியவை விதித்த முறைப்படி நடந்தால் விலக்கு உண்டு என்று அந்தப் பிரிவே சொல்கிறது. கொண்டை நறுக்குவது அந்தப் பட்டியலில் இல்லை. அது உறுப்புச் சிதைப்பு என்ற சொல்லுக்குள் வருமா என்பது விளக்கத்துக்குரியது. ஆனால் விலக்கு இருக்கிறது என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது.

சட்டத்தின் பலவீனம் தெரிந்ததே. முதல் குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம் என்ற தொகை அப்படியே நின்றுபோனது. அதைவிட ஆழமான சிக்கல் கோட்பாட்டில் இருக்கிறது. சல்லிக்கட்டு தொடர்பான நாகராஜா வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட, விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்களில் காயத்திலிருந்து விடுதலையும் உண்டு, இயல்பான நடத்தைக்கான உரிமையும் உண்டு. சேவல் விஷயத்தில் இரண்டும் மோதுகின்றன. தனியே அடைத்தால் கொண்டை பிழைக்கும், கூட்டமாக வாழும் பறவையின் வாழ்வு சுருங்கும். சேர்த்து விட்டால் நேர் எதிர். இந்த இடத்தில் சட்டம் மௌனமாக இருப்பதைக் குறையாகச் சொல்ல முடியாது. வளர்ப்பவரின் மனசாட்சிக்கு விடப்பட்ட பகுதி அது.

இடமும் பழக்கமும்

கடந்த சில பத்தாண்டுகளில் வலுப்பெற்றிருப்பது சூழலை மாற்றுவது என்ற பதில். காட்டுக்கோழிக் கூட்டத்தில் ஒரு தலைமைச் சேவல் சில பெட்டைகளோடு ஓர் எல்லையை வைத்துக்கொள்ளும். மற்றச் சேவல்கள் ஓரத்தில் தலைமையின் கண்ணில் அதிகம் படாமல் வாழும். சேர்த்து வளர்ப்பதற்கு இயற்கையே வைத்திருக்கும் வழி இது. அதன்படி வீட்டில் தேவைப்படுவது கண்மறைவு. நடுவில் நிறுத்திய பழைய கதவு, சாக்குத் திரை, சுற்றி ஓட வழிவிட்டு வைத்த இரண்டு பெரிய தொட்டிகள், வேறு வேறு உயரத்தில் கம்புகள், ஒன்றிலிருந்து ஒன்று தெரியாத இரண்டு மூன்று இடங்களில் தீனியும் தண்ணீரும். தோற்ற சேவலுக்கு ஓடி மறைய இடம் கிடைத்தால் மாடியும் ஓரளவு முற்றமாகிறது.

கம்பி வலை பற்றி ஒரு வார்த்தை. பிரித்து வைத்தும் கொண்டை நுனி தேய்ந்து ரத்தம் கசிகிறது என்று சிலர் குழம்புவார்கள். விடிந்ததும் இரண்டு சேவல்களும் வலையின் இருபக்கமும் பிடரி சிலிர்த்துத் தலை தாழ்த்தி நிற்கும். ஒன்று கொத்த, மற்றது பாய, கொண்டை கம்பியில் உரசிக் கிழியும். எதிரியின் அலகு பட்டிருக்கவே இருக்காது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குத் தகரமோ பலகையோ சாக்கோ கட்டி மறைத்தால் இது பெரும்பாலும் நிற்கும். புதிய சேவலைப் பழக்குவதற்காகச் சில நாள் பார்வையில் வைக்க வேண்டுமானால் வலைகளுக்கு இடையே ஓரடி இடைவெளி விடுவது நல்லது. இருட்டில் கொண்டுபோய்க் கூட்டில் விட்டால் தெரியாது என்ற வழக்கமான யோசனை சண்டையை விடியல் வரை தள்ளிப்போடுகிறது. சில நேரம் அதுவே போதுமானதாகிறது, பல நேரம் ஆளில்லாத வேளையில் சண்டை நடந்து முடிகிறது.

பெட்டைகளே இல்லாமல் சேவல்களை மட்டும் சேர்த்து வைத்தால் அமைதி என்ற கருத்துக்கும் ஆதரவு உண்டு. ஒரே அடையில் பொரித்து, இடையில் பிரிக்கப்படாத சேவல்களிடம் இது பலிக்கிறது என்று வளர்ப்பவர்களின் அனுபவம் சொல்கிறது. பலவீனம்: பெட்டை இல்லை என்றால் பார்வையிலும் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெட்டை மதில் மேல் வந்து நின்றால் போதும். ஆடியிலோ பொங்கலிலோ கூட்டத்திலிருந்து இரண்டை விற்றுவிட்டாலும் வரிசை கலைந்து மறுபடி தொடங்கும்.

இனத் தேர்வு இன்னொரு கிளை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் தனித்தனிப் பறவையைத் தேர்ந்தெடுக்காமல், ஒன்றாக இருந்தும் நன்றாக வாழ்ந்த குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார். 1996இல் அவர் வெளியிட்ட முடிவில், அலகு வெட்டாத பெட்டைகளின் ஆண்டு இறப்பு இரண்டாம் தலைமுறையில் 68 விழுக்காடாக இருந்து நான்காம் தலைமுறையில் 8.8 ஆகக் குறைந்திருந்தது. தி.நகரை அடுத்த நந்தனத்தில் இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையம் புறக்கடை வளர்ப்புக்காகவே நந்தனம் கோழி வகைகளை உருவாக்கிய இடம். எடை, முட்டை, நிறம் என்ற அளவுகோல்களோடு ஒன்றாக வாழும் குணத்தையும் புறக்கடைக் கோழியில் தேடலாம் என்ற எண்ணத்துக்கு மியூரின் வேலை வலுவான ஆதாரம். நகரத்து மாடிகளுக்கு அது மிகவும் தேவையான குணம்.

புண்ணைப் புண்ணாகப் பார்ப்பது

கொண்டை ரத்தம் நிறைந்த உறுப்பு. சிறு கிழிசலுக்கும் பயமுறுத்தும் அளவுக்கு ரத்தம் வரும். சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். உடனே தனியே எடுப்பது அவசியம், சிவப்பைக் கண்டால் மற்றவை அதே இடத்தில் கொத்தும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் நம் வீடுகளின் வழக்கம், குறிப்பாக ஈ மொய்க்காமல் இருக்க வேப்பெண்ணெய். கிழிசல் ஆழமாக இருந்தாலோ கண் வீங்கினாலோ வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ எடுத்துப்போவதே முறை.

மழைக்காலத்துக்குப் பின் இன்னொரு குழப்பம் வரும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கருத்த மருக்கள் போன்ற பொருக்குகளைக் கண்டு, சேவல்கள் அடித்துக்கொண்டன என்று நினைத்துப் பிரித்து வைப்பார்கள். அது கோழி அம்மையாக இருக்கலாம். கிழிசல் கோடாகவோ நுனி போனதாகவோ இருக்கும். அம்மைப் பொருக்கு உருண்டையாக, பல இடத்தில், சண்டை போடாத பெட்டைக்கும் குஞ்சுக்கும் சேர்ந்து வரும். கொசுக்கடியும் தோலின் கீறலும் அந்தக் கிருமிக்கு வாசல். கொசு மிகுந்த ஊரில் கொண்டைக் காயத்தைச் சிறிதென்று விடக் கூடாததற்கு இதுவும் ஒரு காரணம். சிறகு மடிப்பில் போடும் தடுப்பூசி இருக்கிறது.

முடிவாகாதவை

பதில்களை ஒப்பிட்டுப் பார்த்தால், கொண்டையை அறுப்பதற்கான வாதம் நம் தட்பவெப்பத்தில் மிக மெலிந்து தெரிகிறது. சூழலை மாற்றுவதற்கான வாதம் மிக வலுவாகத் தெரிகிறது. இயல்பு, ஹார்மோன், வரிசை மூன்றும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. அவை சண்டை ஏன் தொடங்குகிறது என்பதை விளக்குகின்றன. காயம் எவ்வளவு ஆழமாகிறது என்பதைப் பெரிதும் இடமே தீர்மானிக்கிறது என்று கொள்ளலாம்.

இந்த மதிப்பீட்டுக்கும் எல்லை உண்டு. கொத்து வரிசை, கூட்ட அளவு, இனத் தேர்வு பற்றிய முக்கியமான பரிசோதனைகள் பெரும்பாலும் முட்டையிடும் பெட்டைகளிடம், அதுவும் மேலைநாட்டு வெள்ளை இனங்களிடம் நடந்தவை. அவை சிறுவிடை எனப்படும் சிறிய உடற்கட்டு நாட்டுச் சேவலுக்கு எவ்வளவு பொருந்தும், போருக்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட பெருவிடைக்குப் பொருந்துமா என்பது தீராத கேள்வி. அசீல் சேவல் மனிதரிடம் மிகச் சாந்தமாக இருப்பது சண்டைக்குணம் ஒற்றைப் பண்பு அல்ல என்பதைக் காட்டுகிறது. மில்மன், டன்கன் இருவரும் 2000இல் கண்டதும் இதையே நினைவூட்டுகிறது: பெட்டைகளிடம் மிகவும் மூர்க்கமாக நடந்தவை இறைச்சிக்கோழித் தாய்ப்பண்ணைச் சேவல்கள், ஒப்பீட்டுக்கு வைத்திருந்த சண்டை இனச் சேவல்கள் அவ்வளவு மூர்க்கம் காட்டவில்லை. சண்டை இனத்தைச் சேர்த்து வைக்கவே முடியாது என்ற முடிவுக்கு அவசரப்படக் கூடாது, முடியும் என்று உறுதிகூறவும் இடமில்லை.

இன்னொன்று எண்ணிக்கை. கண்மறைவும் தீனியிடமும் எவ்வளவு செய்தாலும், சென்னை மாடியில் எத்தனை சேவல் வரை என்ற வரம்பை யாரும் அளந்து வைக்கவில்லை. பாதிக் குஞ்சு சேவலாகப் பொரிக்கும்வரை அந்தக் கேள்வியை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு அடைக்கும் புதிதாக எதிர்கொண்டே தீரும். முதல் கொண்டை கிழிவதற்கு முன், சேவல்கள் நான்கு மாதமாகும்போதே அதை எதிர்கொள்வது பறவைகளுக்கு நல்லது.